விரிப்பு ஏன் நகர்கிறது

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு ஒற்றை ஸ்டார் விமர்சனத்தில் பிறந்தது. விரிப்பு வழுக்காமல் இருக்க ஆன்லைனில் இருபக்கமும் ஒட்டும் டேப் வாங்கியிருந்தேன். மூன்றே நாளில் கழன்றுவிட்டது. 'சுத்த ஏமாற்று வேலை' என்று எழுதினேன். விற்றவர் அதற்குக் கீழே பதில் போட்டிருந்தார்: 'மேடம், இது தானாகக் கழலாது. யாராவது பிய்த்தால்தான் உண்டு.'

நியாயமாக அந்த ஆள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வீட்டிலிருந்தவர்கள்மேல் சந்தேகம் வந்தது.

(முதல் பிரதி 'லிங்கராஜபுரத்தில் ஒரு மழைக்காலக் காலை' என்று தொடங்கியது. மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடித்துவிட்டேன்.)

2

நான் கேத்தரின். கணவர் ஹெர்பர்ட். அவருடைய அப்பா, அதாவது என் மாமா, பெயர் சின்னப்பா, எண்பது வயது. வீட்டு வேலைக்கு வருபவள் முத்தம்மா. இவ்வளவுதான் ஆட்கள்.

மாமாவின் அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஆறடி நடை, அதில் ஒரு சிவப்பு விரிப்பு. ஜனவரியில் மாமா அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அடுத்தது இடுப்புதான், அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் பயமுறுத்தினார்.

விரிப்பையே எடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் கேட்டேன்.

"வேணாம்மா. தரை சில்லுனு இருக்கு. மேட் இருக்கட்டும்," என்றார் மாமா.

(இந்த வரியை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

3

டேப்புக்கு அடுத்து நாலு மூலைக்கும் ஸ்டிக்கர் வாங்கினேன். ஒரு வாரத்தில் அவை குப்பைக்கூடையில் கிடந்தன. மூன்றாவதாக ரப்பர் வலை. அளவெடுத்துக் கத்தரித்து விரிப்புக்கு அடியில் போட்டேன். விரிப்பு அசையவில்லை. ஐந்து ஸ்டார் கொடுத்தேன்.

நாலாம் நாள் அந்த வலை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தது. நான்காக மடித்து, ஓரம் பிசகாமல்.

கதாசிரியர் என்று சொல்லிக்கொள்கிறவள் அந்த மடிப்பில் நின்றிருக்க வேண்டும். முத்தம்மா எந்தத் துணியையும் மடித்ததில்லை, சுருட்டித்தான் எறிவாள். ஆனால் விரிப்பைத் தூக்குகிறவள் அவள்தானே? போதாததற்கு, எத்தனை பினாயில் ஊற்றினாலும் அந்த நடையில் ஒரு வாடை. சரியாகத் துடைப்பதில்லை என்று அதையும் அவள் கணக்கில் சேர்த்தேன்.

4

"நான் இன்னாத்துக்குக்கா அத எடுக்கப்போறேன்? தூக்கித் தொடைக்கச் சொன்னீங்க, தூக்குறேன். காஞ்சதும் அப்டியே போட்டுட்டுப் போறேன்."

"அப்போ மெஷின் பின்னால எப்படிப் போச்சு முத்தம்மா? கால் முளைச்சுதா?"

கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். "நானு முட்டே இல்ல!" என்று கத்தினாள். தொடவே இல்லையாம். மாமா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

அன்று மாலை ஹெர்பர்ட் முடிவாகச் சொன்னார். "இனிமே பேச்சே வேணாம் கேத்தி. அப்பா விழுந்தா யார் பதில் சொல்றது? சனிக்கிழமை நானே சொல்லி அனுப்பிடுறேன்."

முத்தம்மா இதே பில்டிங்கில் இன்னும் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டில் நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் அந்த மூன்று கதவும் சாத்திக்கொள்ளும். இது எனக்கு அப்போதே தெரியும். சரி என்றுதான் தலையாட்டினேன்.

5

(இந்தப் பகுதியை எழுதாமல் விட ஐந்து நாட்கள் முயன்றேன் என்று எழுதியிருந்தேன். பொய். இரண்டே நாள்தான் ஆகிறது.)

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவி போட்டுத் திறந்தேன். மாமா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. அறை வாசலிலிருந்து பாத்ரூம்வரை தரையில் ஈரம். நெடுநேரம் குனிந்து துடைக்க முடியாததால் வலது காலால் விரிப்பை இழுத்து இழுத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒட்டிய விரிப்பை இழுக்க முடியாது, அதனால்தான் அவர்...

ஜனவரியிலும் இப்படித்தான் விழுந்திருப்பார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பிறகு மணியை அடித்தேன். வேறு வேட்டியில் வந்து திறந்தார்.

"வாம்மா, சீக்கிரம் வந்துட்டியா?" என்றவர், என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "முத்தம்மா இன்னைக்கும் ஒழுங்காப் போடல பாரு," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் ஆத்திரமும் வந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

6

முடிவு அ: ஹெர்பர்ட்டிடம் சொல்கிறேன். அவர் நல்ல மகன், அன்றே டயப்பர் வாங்கி வருவார். மாமா அதற்கப்புறம் அந்த அறையைவிட்டு வெளியே வரமாட்டார்.

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறேன். முத்தம்மா போகிறாள். புதிதாக வருகிறவள் துடைக்கிறாள். வலை மறுபடி காணாமல் போகிறது.

முடிவு இ: மாமாவே உண்மையைச் சொல்லிவிடுகிறார். (இது கதைகளில் நடக்கும்.)

7

வீட்டு விஷயம் என்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் கேத்தரின் இல்லை, அவர் ஹெர்பர்ட் இல்லை, மாமா சின்னப்பா இல்லை. திருத்தி எழுதி முடித்தபோதுதான் கவனித்தேன். முத்தம்மாவின் பெயரை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று சனிக்கிழமை, மணி எட்டரை. கீழே கேட் திறக்கும் சத்தம். ஹெர்பர்ட் ஹாலில் நிற்கிறார். எனக்குப் பின்னால் மாமா பேப்பரை நான்காக மடிக்கிறார்.

'வலையை எடுத்தவர்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு பெயரை மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அடித்தேன். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

வலையை எடுத்தவர்: . . . . . . . .

எழுதுவதற்கு முன் ஒன்று. நான் எழுதுவது எந்தப் பத்திரிகையில் வந்தாலும் மாமா ஒரு வரி விடாமல் வாசிப்பார். முத்தம்மா படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது.