மாஸ்டரின் சுட்டுவிரல்

"டாக்டரம்மா சொன்னதை மீறி ஒண்ணுமே சாப்பிடாதவன் எப்படிண்ணே மாவு மூட்டை மேல மயங்கி விழுவான்?"

"சத்தியமா சாப்பிடலைடீ. தண்ணியைக்கூட சொட்டு சொட்டாத்தான் குடிக்கிறேன்."

"அப்போ மூட்டை தானா நடந்து வந்து உன்மேல முட்டுச்சா?"

பேக்கரியின் பின்கட்டில் நடந்த சண்டை, முன்னால் பன் வாங்க நின்றவர்களுக்கெல்லாம் இலவசம். எதிர்க்கடைத் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டே கேட்டாள்.

கத்தியவள் கல்லாவில் உட்காரும் தங்கச்சி. வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவள் அண்ணன், தெருவுக்கே மாஸ்டர். அவர் போடும் கேக்குக்குப் பக்கத்துத் தெருக்களிலும் ஆள் உண்டு. ஆனால் சில மாசம் முன்னால் வரை, கடைக்கு மேலேயே இருக்கும் வீட்டுக்கு அவரால் ஏறிப் போக முடியாது. உடம்பு அவ்வளவு கனம். அடுப்புச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுப்பார். குறட்டை நடுவில் நின்றால் தங்கச்சி பதறி இறங்கி வந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். இந்த லட்சணத்தில் அவள் எங்கே கல்யாணம் கட்டிக்கொண்டு போவது?

மாப்பிள்ளை இல்லாமல் இல்லை. முட்டைக்காரர் இருந்தார். ஒரு தட்டு முட்டையை இறக்க அவ்வளவு நேரம் எதற்கு என்று தெருவே கேட்டுச் சலித்துவிட்டது. அவள் அவரிடம் வைத்தது ஒரே நிபந்தனை. "எங்கண்ணன் தன் காலால மாடி ஏறி நிம்மதியா தூங்கட்டும். அப்புறம் பேசுங்க."

அதற்காகத்தான் ஆபரேஷன். இரைப்பையைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, குடலைக் குறுக்குவழியாக இணைத்துவிடுவது. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. தையல் கசியலாம், காலில் ரத்தம் உறையலாம், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம், பித்தப்பையில் கல் வரலாம், முடி கொட்டலாம், சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது, அசந்தால் எடை திரும்பியும் வரும். "சும்மா இருந்தாலும் ஆபத்துதான். உங்க உடம்புக்கு அது இதைவிடப் பெருசு," என்று முடித்தார். தங்கச்சி ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டாள். மாஸ்டரோ முடி கொட்டும் என்றதற்கு மட்டும் முகம் சுளித்தார்.

கத்தி தன் வேலையைச் சரியாகவே செய்தது. உடம்பு கரைந்தது, சர்க்கரை இறங்கியது, சட்டை கொடிக்கம்பத்தில் மாட்டிய துணியாக ஆடியது. முடியும் கொட்டத்தான் செய்தது. தொப்பி போட்டுச் சமாளித்தார். ஆனால் வேலைக்குத் திரும்பியதிலிருந்து இந்த மயக்கம். திடீரென்று வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். "உள்ளே தையல் விட்டுப்போச்சு போல," என்று தையல்காரி தன் தொழிலை வைத்தே தீர்ப்புச் சொன்னாள். தங்கச்சி பயந்துபோய் முட்டைக்காரரிடம், "இன்னும் கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம்," என்றாள். அவர் கையிலிருந்த தட்டு சாய்ந்து, அன்றைக்குப் பாதி வியாபாரம் தரையில் ஓடியது.

அதைத் துடைக்கக் குனிந்தபோதுதான் அவர் கண்ணில் அது பட்டது. மாஸ்டரின் சுட்டுவிரல் க்ரீம் பாத்திரத்தில் இறங்கியது, வாய்க்குப் போனது. பிறகு கேக் மாவில். பிறகு சர்க்கரைப் பாகில்.

"மாஸ்டர், இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"நான் எங்க சாப்பிட்டேன்? பதம் பார்த்தேன். அது வேலைய்யா."

விஷயம் ஆஸ்பத்திரிக்குப் போனது. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். சர்க்கரை இப்போது வயிற்றில் தங்காமல் நேரே குடலுக்குள் பாய்கிறது, அதனால்தான் இந்தக் கூத்து. "விரல்ல எடுத்தாலும் அது சாப்பாடுதான். வேணும்னா சுவைச்சுட்டுத் துப்பிடுங்க."

"சொந்த மாவைத் துப்புறவன் மாஸ்டரா?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார் அவர்.

"அப்போ வேற ஆள் பதம் பார்க்கட்டும்," என்றாள் தங்கச்சி.

"நாக்கை அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு நான் அடுப்பு பக்கத்துல எதுக்கு? நீயே பாரேன்."

"எனக்கு உப்பும் ஒண்ணுதான் சர்க்கரையும் ஒண்ணுதான்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே? இந்தா பாரு, உன் நாக்கு ஜெயிச்சா நான் இந்தக் கல்லாவுலயே கிழவியாயிடுவேன். யோசிச்சுக்கோ."

மாஸ்டர் யோசித்தார். அன்று மாலை முட்டைக்காரரைக் கூப்பிட்டு மூன்று கிண்ணத்தில் மாவு வைத்தார். ஒன்றில் சர்க்கரையே போடவில்லை.

முட்டைக்காரர் மூன்றையும் நக்கிப் பார்த்துவிட்டுக் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "எல்லாமே பிரமாதம் மாஸ்டர்."

மாஸ்டர் சுட்டுவிரலை நீட்டினார். பழக்கதோஷத்தில் அது கிண்ணம் வரைக்கும் போய், நின்று, ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பியது.

"நாக்கை அப்புறம் பழக்கலாம். மொதல்ல பொய் சொல்லாம இருக்கக் கத்துக்குங்க, மாப்பிள்ளை."

கல்லாவில் சில்லறை சிதறும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கல்யாணம் சிக்கனமாக முடிந்தது. கேக் மட்டும் பெரிது. மாஸ்டர் அதில் ஒரு துணுக்கைப் பத்து நிமிஷம் மென்றார். தங்கச்சி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள். மாஸ்டர் மாடியில் ஜன்னலோரம் தூங்குகிறார். தொங்குகிற தோலும், டப்பா நிறைய மாத்திரையும் போகவில்லை. போன வருஷம் எடை கொஞ்சம் திரும்பியது. திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி இறக்கினார். முட்டைக்காரர்தான் இப்போது பதம் பார்க்கிறார், உண்மையாகவே சொல்கிறார். அவருக்கு மூன்றாவது தடவையாகச் சட்டை பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள் தையல்காரி.