அத்தர் பூசிய வயிற்றுவார்

தோலுக்கு எதற்கு அத்தர்? குதிரைச் சேணத்திலிருந்து அந்த வாசம் வந்ததுமே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

தங்கச்சியின் பிரசவத்துக்காக நான்கு நாள் திருச்சியில் இருந்துவிட்டு அன்று மதியம்தான் லெப்பைக்குடிகாட்டுக்குத் திரும்பியிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. பையை வீட்டில் போட்ட கையோடு கொட்டகைக்குப் போனேன். என் பிழைப்பு அப்படி. என் வீட்டுக்காரர் தாஜுதீன் ஷார்ஜாவில் ஒரு குதிரை லாயத்தில் பதினாலு வருஷமாகச் சேணம் துடைக்கிறார். போன லீவுக்கு வந்தவர் அந்தியூர் சந்தையில் ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கினார். அங்கிருந்து கொண்டுவந்த சேணத்தை அதன் முதுகில் வைத்து அழகு பார்த்தார். அப்புறம் விமானம் ஏறிவிட்டார். மனுஷன் அங்கே, குதிரை என் தலையில்.

கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையை ஓட்டிப் போகிறவன் என் கொழுந்தன் தௌஃபீக். ஊரில் பேர் அவனுக்கு. தோலைப் பார்த்துக்கொள்வது மட்டும் நான். ஐப்பசி பிறந்துவிட்டால் அது லேசான வேலை இல்லை. நனைந்து வந்த சேணத்தைப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், கொக்கி இடுக்கில் இருக்கிற சேற்றைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பிறகு கூடத்து ஃபேனுக்குக் கீழே வைத்து, ஈரம் முழுசாகப் போவதற்குள் அவர் அனுப்பிய தோல் எண்ணெயைக் கையால் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே ஃபேன். மழைக்காலம் முழுக்க அந்தக் காற்று சேணத்துக்குத்தான், நான் கொசுவோடு படுத்துக்கொள்வேன். ஒருநாள் விட்டால் பூசணம் பூத்துவிடும்.

இதையெல்லாம் தௌஃபீக்கிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. "சரி மச்சி" என்பான். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். திருச்சிக்குக் கிளம்பும்போது காலண்டர் தாளைக் கிழித்து எழுதியே கொட்டகையில் ஒட்டிவிட்டுப் போனேன். நனைந்தால் நிழலில் காய வை, வெயிலும் அடுப்பும் பக்கத்திலேயே வரக்கூடாது.

தாள் ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. சேணம் புதுச் செருப்பு மாதிரி மின்னியது. கறுப்பு பாலிஷ் போட்டிருக்கிறான். அதற்கு மேல் அத்தர். வயிற்றுவாரைக் கையில் எடுத்தேன். குதிரையின் வயிற்றைச் சுற்றி இழுத்து மாட்டுகிற வார் அது. மேலே இருக்கிற ஆள் கீழே விழாமல் இருப்பது அது ஒன்றை நம்பித்தான். மெதுவாக வளைத்தேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பாலிஷ் பிளந்து, உள்ளே தோல் குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். அத்தருக்கு அடியில் புகை வாசம்.

வாரைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனேன். தௌஃபீக் குடும்பம் அங்கேதான். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு முகமது அனஸின் மாப்பிள்ளை ஊர்வலம். குவைத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்திருக்கிற பையன், தௌஃபீக் மனைவி ருமைசாவின் பெரியம்மா மகன். ருமைசா நடுக்கூடத்தில் நாலு வயசு மகள் இஃப்பத்துக்குத் தலைவாரி மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டிருந்தாள். தௌஃபீக் கண்ணாடி முன்னால் நின்று சட்டையில் அத்தர் தொட்டுக்கொண்டிருந்தான். அதே வாசம்.

"இந்த வாரை எங்க வச்சுக் காய வச்சே?"

"வாங்க மச்சி. பிள்ளை சுகமா? ஆணா பொண்ணா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கீழப்பழுவூர் கல்யாணத்துல நல்லா நனைஞ்சுடுச்சு. மறுநாள் பெரம்பலூர்ல வேற ஊர்வலம். ஃபேன்ல வச்சா ரெண்டு நாளாவும். மண்டபத்துல பிரியாணி தம் எறக்கின தணல் கெடந்துச்சு, அதுமேல கம்பி போட்டு வச்சேன். லேசான சூடுதான்."

தம் போடுகிற தணலின் மேல் தோலை வைத்திருக்கிறான். ஐம்பது கிலோ அரிசியை வேகவைத்த தணல் இவனுக்கு லேசான சூடு.

"இதை மாட்டிக் குதிரை போகாது. அனஸ் வூட்டுக்குப் போன் போடு."

"என்ன பேசுறீங்க? பேண்டு செட்டு வந்துடுச்சு. கார்லாம் ஜோடிச்சாச்சு. நாலு தெரு தான மச்சி, நானே பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன். ஒண்ணும் ஆவாது, இன்ஷா அல்லாஹ்."

"நீ தணல்ல சுட்டதுக்கு அல்லாஹ்வை ஏன் இழுக்கிறே?"

பேச்சு முற்றவும் அவன் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான். வீடியோவில் என் வீட்டுக்காரர் வந்தார். பின்னால் வரிசையாகச் சேணங்கள் தொங்கின. நான் வாரை வளைத்துக் காட்டினேன். வெடிப்பு அவருக்குத் தெரிந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பதினாலு வருஷமாகத் தோலைத் தவிர வேறெதையும் பார்க்காத மனுஷன், கொஞ்சம் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கு ஒருநாள் மெதுவா ஓட்டட்டும் நஃபீசா. கடைசி நேரத்துல இல்லேன்னா ஊர்ல பேர் கெட்டுடும்."

"உங்க லாயத்து ஷேக்கோட மகன் ஏறுறதா இருந்தா இதை மாட்டுவீங்களா?"

அவர் பின்னால் தொங்கிய சேணங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் போனை வாங்கி அணைத்தேன். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை கறுத்துப்போனது இவர் பேச்சை நம்பித்தான். அந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால் இந்த வாராலேயே ஒன்று போட்டிருப்பேன்.

தௌஃபீக்கைப் பார்த்தேன். "சரி. குதிரை போகட்டும். அதுக்கு முன்னாடி நீ ஏறு. நம்ம தெருவை ஒரு சுத்து சுத்தி வா. முக்குல நான் ஒரு சரவெடி கொளுத்துறேன், ஊர்வலத்துல கொளுத்துவாங்கல்ல."

வெடிச் சத்தம் கேட்டால் அந்தக் குதிரை முன்னங்காலைத் தூக்கும். அவனுக்கும் அது தெரியும்.

"நான் எதுக்கு ஏறணும்? எனக்கா கல்யாணம்?"

"ஏறு."

அவன் கால் அசையவில்லை. ருமைசா சீப்பைக் கீழே வைத்தாள். "ஏறுங்களேன். நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தணல்லேர்ந்து எடுக்கும்போதே வெடிச்சிருந்துச்சு," என்றான். "அதான் பாலிஷ் போட்டேன். கருகுன வாசம் போவல, அதான் அத்தர்."

தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இவன் தெரிந்தே மூடி வைத்திருக்கிறான். வெடிப்புக்குப் பாலிஷ், புகைக்கு அத்தர், அடுத்தவன் வீட்டுப் பையன் விழுந்தால் நாலு பேரோடு சேர்ந்து ஓடிப்போய்த் தூக்கிவிட்டு வந்துவிடுவான். நான் ருமைசாவின் சமையல்கட்டுக்குப் போய் அரிவாள்மணையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"நீயே அறு. துண்டு ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போய் மாப்பிள்ளைக்கிட்ட நீயே சொல்லு. தணல்ல வச்சேன்னு சொல்லு. அத்தரையும் சொல்லு."

"மானம் போயிடும் மச்சி."

"போவட்டும்."

அவன் அறுத்தான். நல்ல வாராக இருந்தால் அரிவாள்மணையில் வைத்து இழுஇழு என்று இழுக்க வேண்டியிருக்கும். இது ஒரே இழுப்பில் வந்துவிட்டது. குடைகூட எடுக்காமல் துண்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் போனான். ருமைசா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தன் சொந்தக்காரர்கள் முன்னால் புருஷனைத் தலைகுனிய வைத்தேன் என்று கோபம் போல. இருந்துவிட்டுப் போகட்டும்.

அரைமணி கழித்து முழுக்க நனைந்து திரும்பி வந்தான். என்னையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. நேராகப் போய் இஃப்பத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். புதுப் பாவாடை நனைகிறது என்று பிள்ளை சிணுங்கியது.

"என்ன சொன்னாங்க?" என்று ருமைசா கேட்டாள்.

"அனஸ் திட்டல. நடந்தே வரேன்னுட்டார்." பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டான். "பெரியம்மாதான் அழுதாங்க. மாப்பிள்ளைக்கு முன்னால குதிரையில ஒரு சின்னப் பிள்ளையை உக்கார வைப்பாங்கல்ல. அதுக்கு இஃப்பத்தைத்தான் நெனச்சிருந்தாங்களாம். எனக்குச் சொல்லாம, தெருவுல வச்சு ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தாங்களாம்."

ருமைசா தரையைப் பார்த்தாள். புதுப் பாவாடையும் மல்லிகையும் எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாரைப் பற்றித்தான் நான் வரும்வரை தெரியாது. அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

என் கோபம் அப்போதும் தணியவில்லை. இன்னும் ஏறத்தான் செய்தது. தன் பிள்ளை என்றதும் அணைத்துக்கொள்ளத் தெரிகிறது. அனஸும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே?

கொட்டகையிலிருந்து சேணத்தைத் தூக்கிவந்து அவன் முன்னால் போட்டேன். "இன்னும் இருக்கிற வாரையெல்லாம் ஒண்ணொண்ணா வளைச்சுப் பாரு. அவசரம் இல்ல."

அவன் பிள்ளையை இறக்கிவிடாமல், ஒரு கையால் கடிவாள வாரை வளைத்தான். அது நன்றாக இருந்தது. இடது பக்கத்தில் கால் வைக்கிற வளையத்தைத் தாங்கும் மிதிவாரும் நன்றாக இருந்தது. வலது பக்கத்தை வளைக்கும்போது அந்த அப்பளச் சத்தம் மறுபடியும் கேட்டது. தூரத்தில் பேண்டு செட்டு தொடங்கியிருந்தது.

"மச்சி, இதுவும்," என்றான். நான் சொல்லாமலேயே அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.