வீட்டுக்காரர் அங்கே தூங்கி எழுகிறாரா?

1

இந்தக் கதை எனக்கு நகராட்சி அலுவலகத்து பெஞ்சில் கிடைத்தது. வீட்டுவரியில் பெயர் மாற்றப் போயிருந்தேன். அந்த வேலையைப் பார்ப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒட்டுப்பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரியின் குரல்.

"வீட்டுக்காரர்னா அந்த வீட்டுல தூங்கி எழுந்திருக்கணும்மா. சாவியைக் கையில வச்சிருந்தா மட்டும் பத்தாது."

இன்னொரு பெண்குரல் பதில் சொன்னது.

"தூங்குறாருங்க மேடம். குறட்டை விட்டே தூங்குறாரு."

"அவரே சொல்லட்டும்."

ஓர் ஆண் இருமினார்.

"சரி, நேர்ல வந்து பாத்துக்கறேன்" என்றது முதல் குரல். நாற்காலிகள் நகர்ந்தன. என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது அந்த மூன்று பேரையும் காணோம்.

நான் கேட்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. எனக்குக் கதை எப்போதும் இப்படித்தான் வரும். முகம் வராது, சட்டையின் நிறம் வராது. யாரோ யாரிடமோ பேசுவது காதில் விழும். பிறகு அந்தக் குரல்களுக்கு உடம்பும், இருக்க ஒரு வீடும் நான்தான் தேடிக் கொடுக்க வேண்டும். இந்த முறை வீடுதான் தகராறே.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"நாள்வாடகை வீடுகள் ஒழுங்குமுறை விதிகளின் இரண்டாம் பிரிவின்படி, உரிமையாளர் என்ற சொல்" — விட்டுவிட்டேன். இதை ஓட்டுப் போட்டு நிறைவேற்றியவர்களே முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள்.

"அந்த வீட்டின் ஜன்னல்கள் யாருக்காகவோ ஏங்கும் கண்களைப் போல" — வேண்டாம். ஜன்னல் ஏங்காது. அதைத் துடைக்கிற ஆளுக்குத்தான் தோள் வலிக்கும்.

"மருந்துக்கடைக்காரருக்கு ஒரு தங்கை இருந்தாள்." இது பரவாயில்லை. யார் யார் என்பதாவது தெரிகிறது. இங்கிருந்தே போகிறேன்.

3

மருந்துக்கடைக்காரருக்கு ஒரு தங்கை இருந்தாள். கட்டியவன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள். ஏன் வந்தாய் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.*

கடை கீழே, வீடு இரண்டு தெரு தள்ளி மாடியில். அந்த வீட்டில் அண்ணன் இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதற்கு, மனைவி இறந்துவிட்டாள், அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். தடுப்புக்குப் பின்னால் நான் கேட்டது அப்படிப்பட்ட இருமல் இல்லை. பதில் தெரிந்தும் சொல்ல விரும்பாத இருமல். ஆகவே மனைவி உயிரோடு இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்கென்று விமானம் ஏறிப் போனவள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. "அடுத்த லீவுக்கு வந்துடறேன்" என்று ஃபோனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இவர் கடைக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு கட்டில் போட்டு அங்கேயே தங்கிவிட்டார். சண்டையும் இல்லை, சோகமும் இல்லை. சோம்பல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தது தங்கைதான். முன்னறைகள் இரண்டையும் நாள்வாடகைக்கு விட்டாள். பின்னால் இருந்த சின்ன அறையில் தான் தங்கிக்கொண்டாள். சமையலறையை இடித்துக் கட்டினாள். வருகிறவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டினாள். 'இது மின்விசிறி.' 'சுடுதண்ணீர் வரக் கொஞ்சம் பொறுக்கவும்.' 'இந்தக் கதவைத் தள்ளாதீர்கள், இழுங்கள்.' அழைப்பு வந்தால் பேசுவாள், சாவி கொடுப்பாள், விரிப்பு மாற்றுவாள், வழி சொல்வாள். ஒருவரிடமும் கை ஏந்தாமல் பிழைத்தாள். இந்தக் கதையில் பணயமாக இருப்பது அந்தப் பிழைப்புதான். வேறு எதையாவது தேடி வாசகர் சிரமப்பட வேண்டாம்.

* கூடப் பிறந்தவர்களிடம் மட்டும்தான் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியும். அயலார் கேட்டுவிடுவார்கள்.

4

இப்போது விதி. எதிர்த்தரப்பை வில்லனாக்கினால் கதை விறுவிறுப்பாகப் போகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த விதி கெட்ட விதி இல்லை. தெருவில் பாதி வீடுகளில் வாரத்துக்கு ஒரு முகம். மாதவாடகைக்கு வீடு கேட்டால் கிடைப்பதில்லை. அதனால் நகரசபை சொல்லிவிட்டது: நாள்வாடகைக்கு விடலாம், ஆனால் வீட்டின் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் கிடையாது.

புகார் கொடுத்தது எதிர்வீட்டு அம்மா. தடுப்புக்குப் பின்னால் பேசிய அந்த அதிகாரிதான் ஆய்வாளர்; அவர் பார்வையிட வந்த அன்று இந்த அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நான் அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்லல மேடம். தங்கமான பொண்ணு. ஆனா ஒரு அவசரம்னா நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? அன்னைக்கு மயக்கமா வருதுன்னு தட்டினேன். திறந்தவரு, 'நாங்க நாளைக்குக் கிளம்பிடுவோம்'ங்கறாரு. நான் என்ன அவரைக் கிளம்பச் சொல்லவா போனேன்?"

"புரியுதும்மா."

"என் மகன் கல்யாணம் பண்ணி ஊருக்கு அந்தக் கோடியில கிடக்கான். இந்தத் தெருவுல ஒரு வீடு குடுக்க நாதி இல்ல. பெட்டியை உருட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு மட்டும் வீடு இருக்கு."

இந்த அம்மா வாயைத் திறந்ததும் நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். எழுதுகிறவளுக்கு இது ஆகாது. யார் பேசினாலும் நியாயமாகத்தான் படுகிறது.

5

மேடம் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அண்ணனும் தங்கையும் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் அண்ணன் குடியிருப்பதாகத் தெரிய வேண்டும் அல்லவா? பின்னறையை அவருடைய அறையாகக் காட்ட, தங்கை தன் புடவை, சீப்பு, மாத்திரை, செருப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். அங்கிருந்த அவருடைய சட்டை, சவரப் பெட்டி, தைலப் புட்டி எல்லாம் வீட்டுக்கு வந்தன. ஒட்டியிருந்த சீட்டுகளைச் சுரண்டி எடுத்தாள். சொந்த வீட்டில் யாராவது 'இது மின்விசிறி' என்று எழுதி ஒட்டிக்கொண்டு குடியிருப்பார்களா?

"என் கட்டில் மேல உன் புடவை மலை மாதிரி கிடக்கு. ராத்திரி நான் எங்க படுக்கறது?" என்றார் அண்ணன்.

"உன் வீட்டுல போய்ப் படு."

"அங்க வாடகைக்கு ஆள் இருக்கே."

"அதை மட்டும் மேடம் முன்னாடி சொல்லிடாதே."

6

ஆய்வாளர் வந்தார். முதலில் இவரை நான் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற, உதட்டைச் சுழிக்கிற ஆளாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பெஞ்சில் கேட்ட குரலில் சுழிப்பு இல்லை. காலையிலிருந்து படியேறிய களைப்பு மட்டும்தான் இருந்தது.

"இதுதான் அண்ணன் ரூமுங்க மேடம்."

விரிப்பின் நான்கு மூலைகளும் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தன. மேலே மடித்த துண்டு. துண்டின் மேல் உறை பிரிக்காத சோப்பு. இது கைப்பழக்கம். அவளுக்கே தெரியாமல் கை செய்துவிட்டது.

"ஐயா, காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"கடை திறப்பேன்."

"அதுக்கு முன்னாடி?"

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். "எழுந்திருப்பேன்."

"காபி, டீ ஏதாவது?"

"இங்கதான் குடிப்பேன்" என்று சமையலறையைக் காட்டினார்.

"வாங்க, பாக்கலாம்."

அவர் முன்னால் போனார். உள்ளே மங்கலாக இருந்தது. வாசலில் நின்றபடி வலது கையைச் சுவருக்கு நீட்டினார், விளக்கைப் போட. அங்கே வெறும் சுவர். கை கொஞ்சம் மேலே போனது, கொஞ்சம் கீழே வந்தது. தேய்த்துத் தேய்த்துத் தேடியது. கல்யாணமாகி அவர் குடிவந்த நாளிலிருந்து சமையலறைச் சுவிட்சுப் பலகை அங்கேதான் இருந்தது. இடித்துக் கட்டியபோது தங்கை அதை இடப்பக்கம் மாற்றிவிட்டாள். சீட்டுகளை நினைத்தவர்கள் சுவரை நினைக்கவில்லை.

தங்கை அப்போது ஆய்வாளரைப் பார்த்து, "தண்ணி ரெண்டு வேளையும் வரும் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை, முகம் திரும்பவில்லை. இடது கை மட்டும் பின்னால் போய் ஒரு சுவிட்சைத் தட்டியது. விளக்கு எரிந்தது.

அப்புறம்தான் அவள் தன் கையைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல் மேடம்."

"டாக்டருங்க கிறுக்குறதைப் படிச்சு மருந்து குடுக்கறவரும்மா அவரு."

"வயசாச்சில்ல..."

"போதும்மா." ஆய்வாளர் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றார். "இந்த வீட்டுல ஒருத்தர் குடியிருக்கார். அது நல்லாத் தெரியுது. அது ஐயா இல்ல. உங்க துணிமணியெல்லாம் எங்கம்மா?"

அண்ணன்தான் சொன்னார். "கடையில இருக்கு. என் கட்டில் மேல."

(இந்த இடத்தில் ஆய்வாளர் சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் சிரிக்கவில்லை. வேலை நேரம்.)

7

படியிறங்கும்போது ஆய்வாளர் சொன்னது:

"உரிமையாளர் குடியிருக்கணும்ங்கிறது விதி. குடியிருக்கிறவங்க உரிமையாளர் ஆகக் கூடாதுன்னு விதி கிடையாது. அது உங்க குடும்ப விஷயம், நான் தலையிட மாட்டேன். திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. யார் பேர்ல வீடுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒண்ணும் எழுதல."

நல்லவர்தான். ஆனால் பெரிய குண்டைப் போட்டுவிட்டு மெதுவாகப் போய்விட்டார்.

8

இனி கடைக்குப் பின்னால், புடவை மூட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவர்.

"அந்த மேடம் சொன்னது காதுல விழுந்துச்சா அண்ணா?"

"விழுந்துச்சு."

"நான் கேக்கல. அவங்களாத்தான் சொன்னாங்க."

"நீ சொல்லிக் குடுத்தேன்னு நான் சொன்னேனா குட்டி?"

"சொல்லல. மூஞ்சி சொல்லுது."

அவர் ஒரு மருந்து அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது பொண்ணுக்குன்னு வச்சிருக்கிற வீடு."

"அவ வர்றாளா?"

"வராட்டியும் அவளுதுதானே. அவ அம்மாகிட்ட நான் என்ன சொல்றது? தங்கச்சிக்கு எழுதிக் குடுத்துட்டேன்னா?"

இதற்குத் தங்கை இப்படிச் சொன்னதாக எழுதினேன்: "எனக்கு வேண்டியது வீடு இல்ல அண்ணா, சுயமரியாதை." எழுதி முடித்ததும் கூசியது. மேடையில் பேசுகிற பேச்சு. அவளுக்கு எப்படி வரும்? அவள் இப்படித்தான் பேசுவாள்:

"நீ எழுதித் தா, தராமப் போ. அங்க வந்து இருன்னாலும் நீ வரமாட்ட. ஆனா உரிமம் போச்சுன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். 'இங்கயே கடையில இருந்துக்கோ'ம்ப. ரெண்டு மாசம் இருப்பேன். அப்புறம் என்னைக் கட்டின அந்த ஆளு ஃபோன் பண்ணுவான், நீ எடுப்ப. 'எத்தனை நாளைக்கும்மா இப்படி'ன்னு மெதுவா ஆரம்பிப்ப. நான் அங்க திரும்பிப் போகமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நான் அப்படிச் சொல்வேனா?"

"நீ நல்லவன் அண்ணா. நல்லவங்கதான் அப்படிச் சொல்வாங்க."

9

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஆய்வாளர் கண்டும் காணாமல் 'குடியிருக்கிறார்' என்று எழுதிவிடுகிறார். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் எதிர்வீட்டு அம்மா மறுபடி யார் கதவைத் தட்டுவார்? அதை அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் வீடு எதிர்வீட்டு அம்மாவின் மகனுக்கு மாதவாடகைக்குப் போகிறது. தெருவுக்கு ஒரு குடும்பம் வருகிறது. சட்டம் போட்டதே இதற்காகத்தான், இது நியாயமான முடிவு. தங்கை கடையில் மருந்து எடுத்துக் கொடுக்க நிற்கிறாள். கடை ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அண்ணனின் முகத்தைப் பார்க்கிறாள். இதை அடிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மூன்றாவதில் அண்ணன் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். விளக்குப் போடத் தெரிந்தவளுக்கே வீடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொடுக்கப்போவது என் வீடு இல்லையே. ஃபோனின் மறுமுனையில் ஒரு மனைவி இருக்கிறாள், ஒரு மகள் இருக்கிறாள். அவர்களுடைய குரலை நான் இன்னும் கேட்கக்கூட இல்லை. அடுத்தவர் சொத்தை எடுத்துத் தாராளமாகத் தானம் செய்வது கதை எழுதுகிறவர்களுக்குச் சுலபம்.

மருந்துக்கடைக்காரரைத் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறார். என்னிடமும் அதையேதான் சொல்கிறார். எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அவருடைய இடத்தில் நீங்கள் போய் உட்காருங்கள். அந்தக் கட்டிலில்தான், புடவைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு. பொண்ணு உங்கள் பொண்ணு, தங்கச்சி உங்கள் தங்கச்சி. திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தங்கையின் ஃபோன் இப்போது ஒலித்தது. எடுத்துக் கேட்டாள், அதைக் கையால் பொத்திக்கொண்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"அண்ணா, அடுத்த மாசம் ஒரு குடும்பம் வரணுமாம். புருஷன், பொண்டாட்டி, கைக்குழந்தை. வீடு இருக்கான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"