ரிட்டன் வீட்டுப் பெண்

எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர் மாத்திரையை உறையில் போட்டு முடிப்பதற்குள் நோய் கடையை விட்டு இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்திருக்கும். எனக்குச் சர்க்கரை வந்த செய்தியை என் மனைவிக்கு நான் சொல்லவில்லை. மாத்திரையோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சர்க்கரை டப்பாவை மேல் தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பக்கத்து வீட்டுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பது வீண் வேலை. இங்கே யாரும் எதையும் யாரிடமும் சொல்வதில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

சொந்த ஊரில் இருப்பது எவ்வளவு சுகம் என்று வெளியூரில் இருப்பவர்கள் உருகுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். எப்போதாவது ஒரு தடவை வருவார்கள். ஆற்றைப் படம் எடுப்பார்கள். "இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு" என்று பெருமூச்சு விட்டுவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் கம்பி நீட்டுவார்கள். இருந்து பார்க்கட்டும். முடி வெட்டப் போன இடத்தில் உங்கள் வழுக்கையைப் பற்றி உங்கள் பின்மண்டைக்கு மேலே இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பார்க்கட்டும். அப்புறம் உருகலாம்.

என் பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது, கடைப் பலகையில் இருக்கிறது. ஊர் வாயில் இல்லை. மோட்டார், ஃபேன் எல்லாவற்றுக்கும் காயில் கட்டித் தரப்படும் என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்கு மேல் என் பெயரை அதைவிடப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், பலகைக்கு நேர் கீழே நிற்கிறவனே யோசித்துவிட்டு, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பான். ரிட்டன் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவான்.

அந்தப் பெயரை வைத்தவர் தையல்காரர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை. மிஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருப்பார். கால் மிதித்துக்கொண்டே இருக்கும், கை துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கண் மட்டும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மேலும் இறங்குகிறவர்கள் மேலும் இருக்கும். அதனால்தான் இந்த ஊரில் ஒருத்தனுக்கும் இரண்டு கையும் ஒரே நீளத்தில் சட்டை கிடையாது.

வயசுப் பையனாக இருந்தபோது ஒரு பெரிய நகரத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனேன். ஊரே திரண்டு வந்து வழியனுப்பியது. கொண்டுபோன சோப்பு கரைவதற்குள் திரும்பி வந்துவிட்டேன். பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். தையல்காரர் மிஷினைக்கூட நிறுத்தவில்லை. "என்ன தம்பி, ரிட்டனா?" என்றார். முடிந்தது. சாயங்காலம் டீக்கடையில் டம்ளரை நீட்டும்போது "ரிட்டனுக்கு ஒண்ணு" என்றார்கள். எனக்கு மஞ்சள் காமாலை. டாக்டர் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்படிக் கேட்டவர் அப்படி எங்கே போய்ப் பெரிதாகக் கிழித்தார் என்று பார்த்தால், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. போகாதவன் திரும்ப முடியாதே, அதனால் அவருக்குப் பட்டப்பெயரும் இல்லை. இந்த ஊரில் கௌரவமாக வாழ ஒரே வழி, எங்கேயும் போகாமல் இருப்பது.

எனக்கு ஒரே பெண். எக்ஸ்ரே எடுக்கப் படித்தாள். தூரத்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. அவள் போக வேண்டும், போய் அங்கேயே நிலைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. நாளைக்கு அவளையும் அந்த மிஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்து ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாரோ என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

அவள் புறப்பட்ட காலையில் பாதி ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. பாசம் என்று நினைத்தால் நீங்கள் வெளியூர்க்காரர். மருந்துக் கடைக்காரர் வாந்தி மாத்திரை கொடுத்து, அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பஸ் ஒத்துக்கொள்ளாது என்பதைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் விளக்கினார். பஸ் உறுமும் நேரத்தில் தையல்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"பொண்ணு எப்போ ரிட்டன்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"வரமாட்டா. போனா போனதுதான்" என்றேன்.

"போற நேரத்துல பேசுற பேச்சா இது?" என்று மனைவி என் கையைக் கிள்ளினாள். பஸ் போய்விட்டது.

என் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். முன்னறை கடை, திரைக்குப் பின்னால் வீடு. ஒரு பம்ப் மோட்டாரின் கருகிய கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, பாலத்துல லாரி கவுந்து கிடக்குதுப்பா. நாளைக்குத்தான் வழி விடுவாங்களாம். நெரிசல்ல பஸ்ஸத் திருப்ப முடியலன்னு எங்கள இங்க கிளைரோட்டுலயே இறக்கி விட்டுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் பேசிட்டேன், ஒரு நாள் கழிச்சு வந்தாப் போதும்னாங்க. ஒரு ஆட்டோ வருது, ஏறி வந்துடட்டுமா?"

"ஏறாத. அங்கேயே நில்லு. மரத்துக்குப் பின்னால நில்லு."

"மரத்துக்குப் பின்னால எதுக்குப்பா?"

போனை வைத்தேன். ஸ்கூட்டரை எடுத்தேன். வாங்கிய நாளிலிருந்து தூசி படிந்து கிடந்த ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டேன். அவள் தலையில் அதை மாட்டி, பெட்டியைச் சாக்கில் சுற்றிப் பழைய மோட்டார் மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு, மர அறுவை மில் பின்பக்கமாகச் சுற்றிச் சந்து வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அவசரத்தில் பெட்டியோடு இருந்த தோள்பையின் வார் ஹேண்டில்பாரில் மாட்டி அறுந்துபோனது.

"கொலை பண்ணிட்டு வர்ற மாதிரி வர்றீங்களே" என்றாள் மனைவி.

"கதவச் சாத்து. அவ செருப்ப உள்ள எடு."

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை. "ஒரு ராத்திரி தானேப்பா" என்றாள். ஒரு ராத்திரியா? இந்த ஊருக்கு ஒரு நிமிஷம் போதும். ஜன்னலைச் சாத்தினேன், குழாயைச் சத்தம் வராமல் திறக்கச் சொன்னேன், தும்மல் வந்தால் தலையணையில் தும்மச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மாலையில் மருந்துக் கடைக்காரர் வந்தார். வழக்கமாக அவர் கடையை விட்டு நகரவே மாட்டார்.

"பாப்பா போய்ச் சேர்ந்துட்டாளா?"

"சேர்ந்துட்டா."

"வாந்தி?"

"ஒண்ணும் இல்லையாம்."

அவர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே தையல்காரர் ஒரு மேஜை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிஷினை விட்டு எழுந்து நடந்தே வந்தார். சுத்தவில்லை, பாருங்கள் என்று வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"ரூமு எப்படியாம்?" என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்றாவது மாடி என்றேன். கூட இருக்கும் பெண் நல்ல குணம் என்றேன். ஜன்னல் இருக்கிறதாம், ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறதாம் என்றேன்.

"காத்து வருதாமா?"

"ஜிலுஜிலுன்னு வருதாம்."

"நல்லது. காத்து முக்கியம்" என்றார் தையல்காரர். மருந்துக் கடைக்காரரும் தலையாட்டினார். நான் பேசி இரண்டு பேரும் இவ்வளவு மரியாதையாக இதற்கு முன்பு கேட்டதில்லை. எனக்கே தெம்பு வந்து, மெஸ் சாப்பாட்டில் காரம் கொஞ்சம் தூக்கல் என்பது வரைக்கும் அளந்துவிட்டேன்.

அவர்கள் போனதும் பால் வாங்கப் போன மனைவி திரும்பி வந்தாள். முகம் சரியில்லை.

"என்னங்க, அவ போன பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்குதுங்க. சுத்து ரோட்டு வழியா மத்தியானமே வந்துடுச்சாம். தையக்கடைக்கு நேர் எதிர்லதான் நிக்குது. அப்புறம், உங்க வண்டியில ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போனது யாருன்னு பால்காரம்மா கேக்குது."

எங்கள் ஊரில் இதுவரை ஒரு தலைகூட ஹெல்மெட்டுக்குள் போனதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜை ஃபேனின் பிளக்கைச் செருகிப் பார்த்தேன். அழகாகச் சுற்றியது. முகத்தில் ஜிலுஜிலுவென்று காற்று வேறு அடித்தது.

இதுதான் எங்கள் ஊர். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். சொல்ல மாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல ஃபேனை முன்னால் வைத்துக்கொண்டு, நாம் பொய்யில் முழுவதுமாக நனையும் வரை காத்திருப்பார்கள். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். தோளில் அறுந்த பை.

"மரம் என்ன மரம்பா?" என்றாள்.

"எது?"

"என் ரூம் ஜன்னல்ல இருக்குதே. எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன். சரி, நான் போய் இந்தப் பையோட வாரத் தெச்சுட்டு வரேன்."

"எங்க?"

"ஊர்ல வேற தையல்காரர் யாரு இருக்கா?"

வாசலை மறித்து நின்றேன். "உனக்கு இந்த ஊரத் தெரியாது. தெருவுல காலை வெச்சா முடிஞ்சுது. ரிட்டன் பொண்ணும் ரிட்டன்னு சொல்லிடுவாங்க. சாகுற வரைக்கும் அதுதான் உன் பேரு."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"இன்னும் யாரும் சொல்லலப்பா" என்றாள். "முதல்ல சொன்னது நீங்கதான்."

என்னைத் தள்ளக்கூட இல்லை. நானாகவே நகர்ந்துவிட்டேன். அவள் தெருவில் இறங்கி, வெளிச்சத்தில், நடு ரோட்டில் நடந்தாள். டீக்கடையில் பேச்சு நின்றது. மருந்துக் கடைக்காரர் கல்லாவைத் தாண்டிக் கழுத்தை நீட்டினார். எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. வெறுங்கையோடு பின்னால் போகவும் கூச்சம். மேஜை ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். எனக்கு நிறுத்தாத மிஷின்.

"மாமா, இந்த வார் அறுந்துடுச்சு. காலைல பஸ்ஸு கிளம்புறதுக்குள்ள தெச்சுக் குடுத்துடுவீங்களா?"

"அப்போ பஸ்ஸு ரிட்டனா?" என்று அவர் இழுத்தார். கண் என் மேல் இருந்தது.

"பஸ்ஸும் ரிட்டன், நானும் ரிட்டன். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். கொஞ்சம் கெட்டியாப் போடுங்க மாமா, பை கனம்."

டீக்கடையில் சிரிக்க வாயைத் திறந்து வைத்திருந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் டீயைக் குடித்தார்கள். தையல்காரர் குனிந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணியைப் பார்த்துத் தைத்தார். நான் ஃபேனை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல ஒண்ணும் இல்லண்ணே."

"தெரியும்" என்றார்.

மறுநாள் பாலம் திறந்துவிட்டது. வழியனுப்ப ஒருத்தரும் வரவில்லை. நேற்றே அனுப்பியாகிவிட்டது, இன்னொரு தடவை வர அவர்களுக்கு என்ன வேலையில்லையா. நானும் மனைவியும் மட்டும் நின்றோம். மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தைத்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். வாருக்கு இரட்டைத் தையல் போட்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"அங்க பிடிக்கலன்னா வந்துடுவேன். பிடிச்சாலும் லீவுல வருவேன். எப்போ வந்தாலும் இங்கதான் இறங்குவேன், இந்த மிஷினுக்கு எதிர்லதான். கிளைரோட்டுல இறங்க மாட்டேன், ஹெல்மெட் போட மாட்டேன். நீங்க இங்க வந்து நின்னு பெட்டிய வாங்கிக்கணும். வருவீங்களா, மாட்டீங்களா?"

இத்தனை வருஷமாக நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒரே பதில், வராதே என்பது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்றைக்கு நான் பெட்டியோடு இறங்கியபோது இதே இடத்தில் என் அப்பா நின்றிருந்தார். பெட்டியை வாங்கவில்லை. தையல்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்னால் நடந்து போய்விட்டார். பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

"வரேன்" என்றேன்.

பஸ் போய்விட்டது. மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பொண்ணு போயாச்சா?"

"போயாச்சு."

"ரிட்டன் எப்போ?"

"தெரியலண்ணே. அவளுக்கு எப்போ தோணுதோ அப்போ" என்றேன். "கண்ணத் தெருவுலயே வெச்சிருக்கீங்க இல்ல, என்னைக்கு இறங்குறான்னு பாத்து எனக்கு ஒரு குரல் குடுங்க. ஓடி வரணும்."

அவர் மிஷினை மிதித்தார். அப்புறம் டீக்கடைப் பக்கம் திரும்பி, "ரிட்டனுக்கு ஒரு டீ" என்று கத்தினார். "சர்க்கரை போடாத."