காரிலேயே முடிந்த விவாதம்

ஹெல்வேர் தீவுக்கான மாலைப் படகை மாகாண நிர்வாகம் நிறுத்திவிட்டது. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று ஆராய டூரிட்டை அமர்த்தியதும் அதே நிர்வாகம்தான். அரசின் கொள்கைகள் எப்படி உருவாகின்றன என்பதைக் கல்லூரியில் பாடமாக நடத்துபவள் அவள்.

முதலில் தீவுக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் யூருன் காபி ஊற்றிக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"கருத்துக் கேக்குறோம்னு கூப்பிட்டாங்க. ஊரே திரண்டு போச்சு. மீன் ஆலையில வேலை முடிஞ்சு வர்றவங்க எப்படி வீடு சேருவாங்கன்னு கேட்டேன். தலையத் தலைய ஆட்டினானுங்க."

அடுத்து, போக்குவரத்துத் துறைத் தலைவன் ஆஸ்பியோர்ன். ஒரு காலத்தில் டூரிட்டின் மாணவன்.

"அறிக்கையில மூணு யோசனை இருந்துச்சே, ஏன் படகை நிறுத்துறதை எடுத்தீங்க?"

அவன் சிரித்தான். "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, டூரிட்? பூடோ நகரத்துல ஒரு கூட்டம் முடிஞ்சு கார்ல திரும்பும்போதே மாகாணத் தலைவரும் நானும் பேசி முடிச்சிட்டோம். மத்த ரெண்டும் அப்புறம் எழுதிச் சேர்த்தது."

"மக்கள்கிட்ட கருத்துக் கேட்டது?"

"அதுவும் அப்புறம்தான். பிரச்சினை, வழிகள், மக்கள் கருத்து, முடிவு. நீங்க சொல்லிக்குடுத்த வரிசைதானே? அறிக்கை அழகா வந்திருக்கு."

"முடிவு எப்படிப் பிறக்குதுன்னு புரிஞ்சுக்கச் சொல்லிக்குடுத்தேன். பொய்க்குச் சட்டை தைக்க இல்ல. நீ சொன்னதை அப்படியே எழுதப் போறேன்."

"எழுதுங்க. யாரு படிக்கப் போறா?"

எழுதினாள். வடிவம் சரியில்லை என்று நிர்வாகம் அதைக் கிடப்பில் போட்டது. டூரிட் மறுபடி தீவுக்குப் போய், ஊர் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள்.

யூருன்தான் முதலில் எழுந்தாள். "அப்ப அன்னிக்கு நான் தொண்டை கிழியக் கத்தினது சுவத்துக்கிட்டயா?" சட்டென்று டூரிட் பக்கம் திரும்பினாள். "அவனுக்குப் பாடம் எடுத்தது நீதானே?"

"நான்தான்."

"நல்லா எடுத்திருக்க."

மாகாண மன்றம் அடுத்துக் கூடியபோது தீவே அங்கே போய் உட்கார்ந்தது. கூச்சல் தாங்காமல் அந்த முடிவை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். படகை நிறுத்தக் கை தூக்கிய ஒவ்வொரு உறுப்பினரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏன்?" என்று கேட்டாள் யூருன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சில வாக்குகள் வித்தியாசத்தில் பழைய முடிவே நின்றது.

இருட்டும் நேரத்தில் கூட்டம் கலைந்தது. "எல்லாரும் கிளம்புங்க, கதவைப் பூட்டணும்" என்றான் ஆஸ்பியோர்ன்.

"எங்க கிளம்புறது? வீட்டுக்குப் போகப் படகு இல்ல. நிறுத்தினது நீதான்." யூருன் கோட்டைக் கழற்றி, மன்றத் தரையிலேயே விரித்தாள். மற்றவர்களும் விரித்தார்கள்.

டூரிட் தயங்கி, யூருனுக்குப் பக்கத்தில் தன் கோட்டையும் விரித்தாள். யூருன் அவளைப் பார்க்கவில்லை, தள்ளியும் படுக்கவில்லை.

"போலீஸைக் கூப்பிடுவேன்" என்றான் ஆஸ்பியோர்ன்.

"கூப்பிடு" என்றாள் டூரிட்.