பாஸ்டன் பிரபு தோற்ற சனிக்கிழமை

மோரிஸ்டவுன் எல்லைப் பலகைக்கு மூன்று மைல் முன்னால் ராய்ஸ் காரை ஓரங்கட்டினான். டெல்மர் வழக்கம்போல இறங்கி, பின்கதவைத் திறந்து, இருக்கைகளுக்கு நடுவே தரையில் படுத்து, நாய்முடி ஒட்டிய பழைய போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டான். நூற்றுப்பத்துக் கிலோ ஆள். நாற்பத்துநாலு வயது. ஒரு முழங்காலில் சவ்வு போய்விட்டது. பதினோரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்தக் கூத்துதான்.

வேறு என்ன செய்வது? கிழக்கு டென்னசி மலைப்பக்கத்து மல்யுத்த மேடைகளில் ராய்ஸ் ஹாட்மேக்கர் என்றால் உத்தமன், உழைப்பாளி, அம்மா பேச்சைத் தட்டாதவன். டெல்மர் கிரௌச் என்றால் பாஸ்டனிலிருந்து வந்து இறங்கிய திமிர் பிடித்த பிரபு. வெள்ளிச் சீப்பால் தலைவாரிக்கொண்டே ஊர்க்காரர்களைப் பட்டிக்காடு என்று ஏசுவான். அசல் டெல்மரோ பாஸ்டனை வரைபடத்தில்கூடத் தேடிப் பார்க்காதவன், இரண்டு மலை தள்ளி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவனின் மகன். ஆனால் மல்யுத்தக்காரர்களின் சட்டம் கறாரானது. மேடையில் பகை என்றால் மளிகைக் கடையிலும் பகை. ராய்ஸின் அம்மா செத்தபோது கூடப்பிறந்தவன் மாதிரி பழகிய டெல்மர் கல்லறைக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டுக்குள் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதான்.

"மூச்சு முட்டுதா மாப்ள?" என்று கேட்டான் ராய்ஸ்.

"இன்னிக்கோட இந்தப் போர்வைக்கும் எனக்கும் தீந்துச்சில்ல. நல்லா மோந்து பாத்துக்கறேன், விடு."

ராய்ஸ் சிரிக்கவில்லை. பாவம், ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்று டெல்மர் நினைத்துக்கொண்டான்.

நியூயார்க்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ராய்ஸைக் கூப்பிட்டிருந்தது. அந்த எண்பத்துநாலாம் வருடம் அவர்கள் கேபிள் டிவி வழியாக நாடு முழுவதும் ஒரே மல்யுத்தத்தைக் காட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஊருக்கு ஒரு மேடை, வட்டாரத்துக்கு ஒரு சாம்பியன் என்றிருந்ததெல்லாம் சரிந்துகொண்டிருந்தது. டெல்மரை யாரும் கூப்பிடவில்லை. அவன் அதற்காக வயிறெரியவுமில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. போகிறவன் தோற்றுவிட்டுப் போக வேண்டும்.

அது இந்தத் தொழிலின் பழைய மரியாதை. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைப்பதுதான். அது வெளியே தெரியாது. ஊரை விட்டுப் போகிறவன் இருக்கிறவனிடம் தோற்பான். ராய்ஸை இன்று டெல்மர் அக்கிரமமாகத் தோற்கடித்தால் ஊரே கொதிக்கும். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும், இந்தப் பாஸ்டன்காரனை எவனாவது புரட்டி எடுக்க மாட்டானா என்று வந்து உட்காரும். ராய்ஸ் ஜெயித்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் யார் வருவார்கள்? ஆட்டங்களை ஏற்பாடு செய்து நடத்துகிற ஹோபார்ட்டும் டெல்மரும் ராய்ஸும் ஒரு மாதம் முன்பே கை குலுக்கிப் பேசி முடித்த விஷயம் இது.

புகையிலை ஏலக் கிடங்கு அன்று பிதுங்கி வழிந்தது. வெளியே மே மாத வெயில், உள்ளே போன வருடத்துப் புகையிலை நெடி. டெல்மர் ஊதா அங்கியில் சீப்போடு நடந்து வந்தபோது வாசல் வரிசையில் ஓபல் என்ற கிழவி தொப்பி ஊசியால் அவன் தொடையில் ஒரு குத்து குத்தினாள். வாரா வாரம் குத்துவாள்.

"என் பாத்திரங்களைத் துலக்கக்கூடத் தகுதியற்றவர்கள் நீங்கள்," என்றான் டெல்மர் பாஸ்டன் குரலில்.

"எங்க ராய்ஸ் இன்னிக்கி உன் பல்லப் பேத்துக் கையில குடுப்பான், பாரு," என்றாள் ஓபல்.

இருபது நிமிடம் அடித்துக்கொண்டார்கள். அழகான ஆட்டம். நடுவர் அந்தப் பக்கம் திரும்பியபோது டெல்மர் சீப்பால் ராய்ஸின் தொண்டையில் இடித்து, கீழே தள்ளி, மேலே படுத்தான். தோள் தரையில் கிடக்க மூன்று தட்டு விழுந்தால் தோல்வி. நடுவர் தரையைத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டு விழுவதற்குள் ராய்ஸின் தோள் எழுந்துவிட்டது.

டெல்மருக்கு ஒன்றும் புரியவில்லை. ராய்ஸின் கழுத்தைக் கையிடுக்கில் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தான்.

"டேய், தோள இறக்குடா."

"முடியாது டெல்மர். கம்பெனி ஆளு ரெண்டாவது வரிசைல உக்காந்து வீடியோ எடுக்கறான். தோத்தா வராதன்னு சொல்லிட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரம்."

"போன வாரமா? இவ்ளோ தூரம் ஒண்ணாத்தானடா கார்ல வந்தோம்."

"உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல."

"போர்வைக்குள்ள இருந்தப்ப சொல்லியிருக்கலாமே."

ராய்ஸின் கை கீழே டெல்மரின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து ஒருதரம் அழுத்தியது. மல்யுத்தக்காரர்களுக்கு அது பேச்சு. பிடிக்குள் இருக்கும்போது ஒருவன் அழுத்தினால், நன்றாக இருக்கிறாயா என்று அர்த்தம். மற்றவன் திருப்பி அழுத்தினால், இருக்கிறேன், மேலே செய் என்று அர்த்தம். திருப்பி அழுத்தாதவனை அதற்குமேல் தொடக் கூடாது. பதினோரு வருடத்தில் இருவரும் ஒருதரம்கூட அதில் தவறியதில்லை.

டெல்மர் நினைத்திருந்தால் அந்தக் கழுத்தை நிஜமாகவே இறுக்கியிருக்கலாம். ராய்ஸை அசையவிடாமல் மூன்று எண்ண வைக்க அவனுக்குத் தெம்பிருந்தது. ஆனால் ராய்ஸுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் கழுத்தையும் இத்தனை வருடம் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பிடித்துப் பழகிவிட்டது.

டெல்மர் திருப்பி அழுத்தினான்.

அடுத்த நிமிடம் ராய்ஸ் அவனைத் தலைக்குமேல் தூக்கி மல்லாக்கப் போட்டான். நடுவர் மூன்று தட்டினார். கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஓபல் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தாள். அவர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு டெல்மர் பார்த்ததில்லை. மல்லாந்து கிடந்தபடியே அவன் அழுதான். அடிபட்ட வலி என்று எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும், ராய்ஸ் வந்து ஏற்றிக்கொள்ளும் வழக்கமான இடத்தில், ஊருக்கு வெளியே கல்குவாரி மறைவில் போய் நின்றான். ராய்ஸின் கார் வரவில்லை. கம்பெனி ஆளோடு அப்படியே விமான நிலையத்துக்குப் போய்விட்டான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. டெல்மர் நொண்டிக்கொண்டே ஒன்பது மைல் நடந்தான். பிக்கப் வண்டியில் போனவர்கள் அவன்மேல் கோலா டப்பாக்களை எறிந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை பாதிக் கூட்டம்தான். அதற்கடுத்த வாரம் அதிலும் பாதி. ஒருநாள் ஓபல் ஊசி இல்லாமல் வந்தாள்.

"என்ன, இன்று குத்தவில்லையா?" என்றான் டெல்மர்.

"எதுக்கு? அதான் எங்க ராய்ஸ் உன்னைத் தொவைச்சுப் போட்டுட்டானே. மனசு நெறஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு இடைவேளையிலேயே எழுந்து போனாள். அதற்குப்பின் வரவேயில்லை. குளிர்காலப் புகையிலை ஏலத்துக்குக் கிடங்கைக் காலிசெய்து கொடுத்த ஹோபார்ட் மறுபடி ஆட்டத்துக்கென்று அதைக் கேட்கவில்லை.

டெல்மர் கோழி வெட்டும் ஆலையில் சேர்ந்தான். அங்கேயும் அவனைப் பாஸ்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் அந்தக் குரலிலேயே பதில் சொன்னான். சட்டம் சட்டம்தானே. அந்த ரகசியம் தன்னோடே போகட்டும் என்று இருந்துவிட்டான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு அறையில் அவன் பீன்ஸும் சோள ரொட்டியும் தின்றுகொண்டிருந்தபோது டிவியில் ராய்ஸ் வந்தான். பட்டிக்காட்டுக் கோமாளி வேஷம்: தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ஒரு பன்றிக்குட்டி. பேர்கூட மாற்றிவிட்டார்கள். அரங்கத்தில் இருபதாயிரம் பேர் அவனைப் பார்த்துக் கெக்கலித்தார்கள். எதிரே மலை மாதிரி ஒரு இளவட்டம். மூன்றே நிமிடம். அவன் ராய்ஸின் கழுத்தைக் கையிடுக்கில் வைத்து முறுக்கினான்.

கேமரா பக்கத்தில் வந்தது. ராய்ஸின் விரல்கள் அந்த மணிக்கட்டைத் தேடிப் பிடித்து அழுத்துவதை டெல்மர் பார்த்தான். அந்தத் தடியன் திருப்பி அழுத்தவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. ராய்ஸ் மறுபடி அழுத்தினான். தடியன் இன்னும் கொஞ்சம் முறுக்கினான். ராய்ஸின் முகம் நிஜமாகவே மாறியது. அந்த வித்தியாசம் டெல்மரைத் தவிர அந்த அறையில் ஒருவனுக்கும் தெரியாது.

"உன் ஜென்ம எதிரி அடி வாங்குறான் பாரு பாஸ்டன்," என்று பக்கத்திலிருந்தவன் தோளைத் தட்டினான். "குளுகுளுன்னு இருக்குமே?"

மேஜைக்கு அடியில் டெல்மரின் கை, கோழி ஈரம் காயாமல், காற்றை இறுக்கிப் பிடித்து விட்டது. ஒருதரம். இன்னொரு தரம்.

"அவனுக்கு வேண்டியதுதான்," என்றான் பாஸ்டன் குரலில். "அவன் கழுத்து முறிந்தால்கூட நான் வருந்தப்போவதில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கை மட்டும் மேஜைக்கடியில் அழுத்திக்கொண்டே இருந்தது.