கேப்புக்கு அடியில் ஒரு பேச்சு

பல் டாக்டரம்மா பல்லுக்கு மேல் உறையாக ஒட்டிய பீங்கான் கேப்புகளுக்கு அடியில், நோயாளிகள் பாதியில் விட்ட பேச்சு தங்கிவிடும். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையில் டாக்டரம்மா படு கறார். கேப்பின் உட்புறத்தை அமிலம் வைத்துச் சொரசொரப்பாக்கி, கழுவிக் காயவைத்து, மேலே ஒரு திரவம் தடவி, பசை வைத்துப் பல்லில் அமர்த்தி, நீல வெளிச்சம் காட்டுவார். அதற்குள் ஒரு பொட்டு எச்சில் பட்டாலும் பசை பிடிக்காது. அதனால் நடுவில் யார் பேச வாயெடுத்தாலும், "அப்புறம் சொல்லுங்க" என்பார். அந்த நேரம் நாக்கு நுனியில் இருந்தது பசையோடு சேர்ந்து இறுகிவிடும். பேச்சு மட்டுமல்ல, பேச வந்த விஷயமே அந்த ஆளுக்கு மறந்துபோகும். தையல்காரர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. சில வருடம் கழித்து அவருடைய கேப்பை அறுத்து எடுத்தபோது, "கடையைப் பூட்டாம வந்துட்டேன்" என்று அவர் குரலே வெளியே வந்தது. மனுஷர் வாய்கூடக் கொப்பளிக்காமல் எழுந்து ஓடினார். கடை அத்தனை காலமும் திறந்தேதான் கிடந்திருக்கிறது.

டாக்டரம்மாவின் கணவர் பஸ் டிரைவர். பேச்சில் சிக்கனமான ஆள். கடைவாய்ப் பல் உடைந்து அவரும் ஒருநாள் அந்த நாற்காலியில் சாய்ந்தார். பசை வைத்த நேரம் பார்த்து அவர் மனைவியின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். "அப்புறம்" என்று டாக்டரம்மா விளக்கைப் போட்டுவிட்டார்.

அதன்பின் சாப்பிடும்போதெல்லாம் அவர் நாக்கு அந்தக் கேப்பைத் தடவிப் பார்க்கும்.

"அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தேன், இல்ல?"

"வந்தீங்க. என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அறுத்துப் பாத்துடேன், டாக்டரம்மா."

"நல்லா இருக்கு. நான் ஒட்டினதுலயே உருப்படியான கேப் இதுதான். அதைப் போய் உடைப்பாங்களா?"

வேலையில் இருந்த பெருமை பாதிக் காரணம்தான். கல்யாணமான நாளிலிருந்து ஆசையாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன் அன்று கையைப் பிடித்தாரே, உள்ளே இருப்பது அப்படி ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும் என்று டாக்டரம்மாவுக்கு ஒரு நப்பாசை. அறுத்தால் ஒரு தடவை கேட்டு முடிந்துபோகும். அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது கணவரின் கன்னத்தைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

மழைக்காலம் ஒன்று போய் அடுத்தது வருமுன், ஒரு மத்தியானம் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் தலைசாய்த்தார். பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். டாக்டரம்மா வைத்தியம் பார்க்கும் முன்னறைக்குப் போய்க் கேப் அறுக்கும் மெஷினை எடுத்துவந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தையல்காரர் வயரை வாங்கிச் சுவரில் செருகிக் கொடுத்தார். நன்றாக ஒட்டிய கேப் முழுசாக வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து மெல்ல அறுத்தார். கணவரின் குரலைக் கேட்பது இதுதான் கடைசி, அந்த ஆசை வார்த்தைக்காகக் காதைக் கிட்டே கொண்டுபோனார். பீங்கான் இரண்டாகப் பிளந்தது.

"நெஞ்சுல என்னமோ பண்ணுது. என்னன்னு பாரேன்" என்றது குரல், நிதானமாக, தொந்தரவு கொடுக்கத் தயங்குகிறவர் மாதிரி.

டாக்டரம்மா மெஷினைக் கீழே வைத்தார். "இதோ பாக்கிறேன்" என்று சொல்லி, கணவரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அங்கிருந்தவர்களுக்கு டிரைவரின் குரல் பழக்கமானதுதான், யாரும் திடுக்கிடவில்லை. டாக்டரம்மா நின்றுகொண்டே இருக்கிறாரே என்று தையல்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டார்.